ஓடைக்கரைக் கொட்டிலில் ஒரு மஞ்சள் காளை

அந்தக் காளை எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றபோது என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறையப் பற்பொடி நுரை, கையில் தகரக் குவளை.

காளை ரொம்பச் சின்னது. அதன் திமில் அவர் நெஞ்சுக்குக்கூட எட்டாது. வைக்கோல் வெயிலில் பழுத்தால் ஒரு நிறம் வருமே, அந்த மஞ்சள். குட்டைக் கொம்பு. முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன் பின்னால் அதே நிறத்தில் ஒரு பசு. பசுவுக்குப் பின்னால் பனையோலைத் தொப்பி போட்ட ஒரு பெண், தோளில் பாய்ச்சுருளோடு. வேறு மூட்டை முடிச்சு எதுவும் இல்லை.

சைகோன் அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கச் சாலையில் ராணுவ லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போயின. ஒரு சிக்லோ ரிக்ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, "தார் ரோட்டுல நாத்து நடப் போறியா?" என்று அந்தப் பெண்ணைக் கேலி செய்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழாம் அண்ணே, வேற எடம் எனக்குத் தெரியலை," என்றாள், என் வீட்டுக்காரரைப் பார்த்து.

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "பசு வேணும்னா நிக்கட்டும். இந்தக் குட்டையன் ஆவாது. இவன உள்ள விட்டா என் செவலைங்க வம்சமே கெட்டுப்போவும். சொல்லிடு அந்த அம்மாட்ட."

நான் சொல்லவில்லை. "மொதல்ல தண்ணி காட்டுறேன்," என்று வாளியை எடுத்தேன். குட்டையன் என்று அவர் வாய்க்கு வந்ததுதான், கடைசிவரை அதுவே அதன் பெயராகிவிட்டது.

கப்பலில் வந்த மாடுகள்

சைகோனில் மாடு வைத்திருந்தோம் என்றால் இங்கே காரைக்காலில் இன்றைக்கும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சைகோனுக்குப் போனவர்கள் என்றால் துணிக்கடை, வட்டிக்கடை, பிரெஞ்சுக்காரனிடம் உத்தியோகம், அவ்வளவுதான் இவர்களுக்குத் தெரியும். பால்காரர்களும் போனார்கள். என் மாமனார் அப்படிப் போனவர்.

நான் கல்யாணமாகி அந்தத் துறைமுகத்தில் இறங்கிய வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அதே படிக்கட்டில் அவர்கள் பெட்டிகள் மேலே போயின, என் தகரப் பெட்டி கீழே வந்தது. ஒரு ராஜ்யம் மூட்டை கட்டுகிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. வாந்தியும் மயக்கமுமாக இருந்தேன். கரையில் நின்ற என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி என்னை வரவேற்றுச் சொன்ன முதல் வார்த்தை, "பால் கறக்கத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அன்று மாலையே கறந்தேன்.

வெள்ளைக்காரர்கள் போனாலும் பால் குடிக்கிறவர்கள் மிச்சம் இருந்தார்கள். டோங் டு தெருப் பள்ளிவாசலைச் சுற்றித் துணிக்கடை வைத்திருந்த காரைக்கால், நாகூர் மரைக்காயர்கள் இருந்தார்கள். செட்டியார் வீடுகள் இருந்தன. அவர்கள் கோயிலுக்கு அபிஷேகப் பால் தினம் போகவேண்டும். பிதோன் என்று நாங்கள் சொல்லும் மூடிபோட்ட தகரக் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் தெருத்தெருவாகப் போவேன். ஒரு துணிக்கடை மரைக்காயர் என்னைக் கண்டதும், "போன்ழூர், பால் மதாம்! இன்னக்கி ஓடைத் தண்ணியா, கொழாத் தண்ணியா?" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். அந்தத் தெருவின் காலை மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. புதுத்துணிக் கஞ்சி, காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை, மழை பெய்து ஓய்ந்த புளியமரங்கள்.

எங்கள் மாடுகள் செவலைகள். சிந்து தேசத்து இனம். வெள்ளைக்காரன் காலத்தில் கராச்சிப் பக்கமிருந்து கப்பலில் கொண்டுவந்த மாடுகளின் வழி. ஆக மாடுகளும் எங்களைப் போலக் கடல் தாண்டி வந்தவைதான். செங்கல் நிறம், தொங்கும் காது, கழுத்துக்குக் கீழே மடிப்பு மடிப்பாக அலைதாடி. அவற்றின் தலைவன் ராசா. எங்கள் கொட்டிலில் பிறந்து வளர்ந்த பொலிகாளை. அவன் நடந்தால் அலைதாடி திரைச்சீலை மாதிரி ஆடும். என் வீட்டுக்காரர் தனக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் ராசாவின் கொம்புக்கு வைக்க மறக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சி

உள்ளூர் மாடு சின்னது, பால் கிடையாது, கறியும் கொஞ்சம்தான், அதைப் பெரிதாக்க வேண்டும் என்று அரசாங்கத்தில் முடிவு செய்தார்கள். வழி சுலபம். சிந்திக் காளைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பசுக்களோடு சேர்ப்பது. உள்ளூர்க் காளைகளுக்குக் காயடித்துவிடுவது.

அப்படித்தான் ராசா அரசாங்க உத்தியோகஸ்தன் ஆனான். ஞாயிறுதோறும் அவனை ஒரு பழைய லாரியில் ஏற்றிக்கொண்டு குச்சி என்ற கிராமப்புறத்துக்குப் போவோம். சைகோனுக்கு வடமேற்கே, நெல்வயலும் ரப்பர் தோட்டமும் மூங்கில் புதருமாகக் கிடந்த பூமி. என் வீட்டுக்காரருக்கு வியட்நாமிய மொழி சந்தைக்குத்தான் போதும். எனக்குப் பால் ஊற்றிய வீடுகளில் நன்றாகப் பழகியிருந்தது. அதனால் நானும் லாரியில் ஏறிக்கொள்வேன்.

முன்னால் ஒரு ஜீப் போகும். அதில் அரசாங்கக் கால்நடை டாக்டர் லாம். பிரான்சில் படித்தவர், ஒல்லியானவர். சிகரெட்டைப் பற்றவைப்பார், வேலை மும்முரத்தில் அதை மறந்துவிடுவார், அது விரலிடுக்கில் தானாக எரிந்து தீரும்.

டாக்டருக்கு இரண்டு வேலை கொடுத்திருந்தார்கள், ராசாவின் வேலையை மேற்பார்ப்பதும் காயடிப்பதும். யாரும் சொல்லாமலே மூன்றாவதாக ஒரு வேலையையும் அவர் செய்தார். முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு மஞ்சள் மாட்டையும் நாடா பிடித்து அளந்தார். திமில்வரை எவ்வளவு உயரம், மார்புச் சுற்று எவ்வளவு, கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது, மூக்குநுனி கறுப்பா சிவப்பா என்றெல்லாம் பார்ப்பார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். மாட்டுக்காரரிடம், ஒரு நாளில் எவ்வளவு நேரம் உழும், எந்தப் புல்லைத் தொடாது என்றுகூடக் கேட்பார்.

"இதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்படி ஒரு மாடு இருக்குன்னு எந்தப் புஸ்தகத்துலயும் சரியா எழுதலை, மதாம். அதுக்குள்ள இல்லாம ஆக்கச் சொல்றாங்க. இல்லாம ஆக்குறதுக்கு முன்னாடி, இருந்தது என்னன்னாவது தெரிஞ்சுக்கலாம்னு பார்க்கறேன்."

இது என்ன இனம் என்று அவர் கேட்டால் ஊர்க்காரர்கள் விழிப்பார்கள். "பொ தா" என்பார்கள். எங்கள் மாடு என்று அர்த்தம். வேறு பெயர் எதற்கு?

அந்த மாடுகளை முதன்முதல் சேற்றில் பார்த்த அன்று என் கால் நடக்காமல் நின்றுவிட்டது. இங்கே எங்கள் கடைமடைப் பக்கம் உம்பளாச்சேரி மாடு உண்டு. சிவப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளை. கட்டையாக இருக்கும், ஆனால் முழங்கால் சேற்றில் மற்ற மாடுகள் மூச்சு வாங்கும்போது அது தண்ணீர்ப்பாம்பு மாதிரி போகும். குச்சியின் மஞ்சள் மாடும் அப்படித்தான் போனது. நிறம் வேறு, முகம் வேறு, நடை ஒன்று. சேறுதான் மாட்டுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நடை நல்லாத்தான் இருக்கு. நடையக் கறந்து குடிக்க முடியுமா?" என்றார்.

ஆறும் ஏழும்

அப்படி ஒரு ஞாயிறு அன்றுதான், பின்னால் எங்கள் வாசலுக்கு வந்த சாவ் அக்காவை முதலில் பார்த்தோம்.

தெற்கு வியட்நாமில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணால் கூப்பிடுவார்கள். மூத்த பிள்ளைக்கு 'இரண்டு' என்றுதான் பெயர் தொடங்கும். முதல் பிள்ளை இதுதான் என்று பேய்க்குத் தெரிந்துவிடக் கூடாதாம். அவள் ஆறு. ஆறுக்கு அவர்கள் மொழியில் 'சாவ்'. என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லைக் காலங்காலையில் வாயில் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக 'ஆறக்கா' என்றே கூப்பிட்டார். அவளோ அவரை 'ஏழாம் அண்ணன்' என்றாள். சைகோன் பக்கம் இந்திய ஆண்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர். ஏன் ஏழு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் எங்கோ சண்டைக்குப் போயிருந்தான். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத காலம்.

ராசாவை நாங்கள் அவளுடைய பசுவிடம் நடத்திக்கொண்டு போனபோது, அவள் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள்.

"வேண்டாம்."

"நல்ல கன்னு பொறக்கும் அக்கா, பெருசா," என்றேன்.

"பெருசா பொறக்கும், அதான் பயம். பக்கத்து வீட்டுல அப்படித்தான் சேர்த்தாங்க. கன்னு வெளிய வரலை. தாயும் போச்சு, கன்னும் போச்சு. என் பசு இடுப்பைப் பாரு தங்கச்சி. இவன் புள்ள அந்த வழியா வருவானா?"

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. என் வீட்டுக்காரர் பசுவின் பின்பக்கம் போய் இடுப்பெலும்பைக் கையால் தடவிப் பார்த்தார். "தலையீத்துக்குத் தாங்காதுதான்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ராசாவைத் திருப்பிக்கொண்டார்.

"உங்ககிட்டக் காளை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை."

அந்த நேரம் பார்த்து மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு காளை அடிவயிற்றிலிருந்து கத்தியது. பசு இங்கிருந்து பதில் கொடுத்தது. எல்லோருக்கும் கேட்டது. சாவ் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் நிதானமாக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "இந்தப் பக்கம் காத்து பலமா அடிக்குது," என்றார். காயடிக்கும் கிடுக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தக் காத்தை ஒரு தடவை அளந்துக்கலாமா, அக்கா?" என்றார்.

அவள் முதலில் டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ச்சோய் ஒய்!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடவுளே என்பதற்கு அவர்கள் சொல்வது. குட்டையனை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

வானத்திலிருந்து விழுந்த உத்தரவு

பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின. குச்சிச் சாலையில் சண்டை. அந்தப் பக்கத்து ஊர்களையெல்லாம் காலிசெய்யச் சொல்லி விமானத்திலிருந்து காகிதம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் முகாம்களுக்கு லாரியில் போகலாம். மாடுகளுக்கு லாரியில் இடமில்லை. பலர் அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அவிழ்த்துவிட்ட மாடுகளும் பிழைக்கவில்லை.

சாவ் அக்கா லாரியில் ஏறவில்லை. காளையையும் இரண்டு பசுக்களையும் ஓட்டிக்கொண்டு நடந்தாள். வழியில் ஒரு பசு போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று அவள் ஒருபோதும் சொல்லவில்லை. மற்ற இரண்டோடும்தான் அன்று காலை எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் தண்ணீர் காட்டினேன். குட்டையன் வாளியை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு என் கையை நக்கியது. சொரசொரவென்ற அந்த நாக்கு.

"என்னாங்க, ஒரு வாரம் நிக்கட்டும்," என்றேன்.

"ஒரு வாரங்கறது எந்தக் காலத்துல ஒரு வாரமா இருந்துருக்கு?" என்றார். பெருமூச்சு விட்டார். கடைசியில், கொட்டிலின் கோடியில், சாக்கடை ஓரப் பலாமரத்தில் குட்டையனைக் கட்டலாம், செவலைப் பசுக்களின் மூச்சுக்காற்றுகூட அதன் மேல் படக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சாவ் அக்காவுக்கு வைக்கோல் அறையில் இடம். அவள் மறுநாளே ஓடைக்குள் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக்கொண்டு வந்து போட்டாள். எங்கள் செவலைகள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. குட்டையன் கடக் கடக்கென்று தின்றது.

டாக்டர் எங்கள் மாடுகளைப் பரிசோதிக்க வழக்கமாக வருவார். அந்த முறை வந்தவர் பலாமரத்தடியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். போய்க் குட்டையனின் திமிலில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் அளந்த ஊருங்கள்ல இப்ப ஒரு வீடு இல்லை, மதாம். காயடிக்காத மஞ்சள் காளை இவன் ஒருத்தன்தான் எனக்குத் தெரிஞ்சு." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "ஒரு காளையும் ஒரு பசுவும் இனம் ஆகாது. அது குடும்பம். இன்னும் பசு வேணும்."

கறிக்கூடத்து வாசலில்

பசு எங்கே கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊரைவிட்டு வந்தவர்கள் முகாம் ஓரத்தில் மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியாமல் கறிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். டாக்டரும் சாவ் அக்காவும் நானும் ஒரு காலை நகரத்து விளிம்பில் இருந்த கறிக்கூடத்துக்குப் போனோம்.

வாசலில் மஞ்சள் மாடுகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் மீட்க டாக்டரின் சம்பளம் காணாது. ஆகவே எது வாழ்வது, எது உள்ளே போவது என்று டாக்டரும் சாவ் அக்காவும்தான் முடிவு செய்யவேண்டும். டாக்டர் நாடாவால் அளந்தார். சாவ் அக்கா வயிற்றை, மடிக்காம்பை, குளம்பைத் தொட்டுப் பார்த்தாள். இருவருக்கும் பல மாடுகளில் ஒரே கருத்து. ஒன்றில் மட்டும் சண்டை வந்தது. எலும்பும் தோலுமாக, ஒரு கொம்பு உடைந்த கிழட்டுத் தோற்றமுள்ள பசு.

"இது வேண்டாம் அக்கா, கொம்பைப் பாருங்க."

"கொம்புலயா கன்னு பொறக்கும்? வயித்தப் பாருங்க டாக்டர். சினை."

அவர் குனிந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது கண்ணாடி பனித்திருந்தது. அந்தப் பசுவையும் சேர்த்துப் பிடித்தோம்.

அதன் சொந்தக்காரர் ஒரு கிழவர். பணம் வாங்கிய பிறகும் கயிற்றை விடவில்லை. என்னிடம், "வெட்டவா, வளர்க்கவா?" என்று கேட்டார்.

"வளர்க்கத்தான், தாத்தா."

கயிற்றை என் கையில் வைத்தார். தார் ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டார். மற்ற மாடுகளின் பக்கம் நாங்கள் மூவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

டாக்டரின் மேலதிகாரிக்கு விஷயம் போயிற்று. நாடே எரிகிறபோது குட்டை மாட்டுக்கு வைக்கோலா என்று கேட்டாராம். "நாடு எரியறப்பதான் விதைநெல்லை ஒளிச்சு வைக்கணும்னு சொன்னேன். அவருக்குப் பிடிக்கலை," என்று டாக்டர் சிரித்தார். அவரை மாட்டு வேலையிலிருந்து எடுத்துக் காகித வேலைக்குப் போட்டார்கள். ஆனாலும் அவர் தன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

பலாமரத்திலிருந்து கூரைக்கு

ஒரு தெத் பண்டிகை சமயத்தில் நகரத்துக்குள்ளேயே சண்டை வந்தது. அவர்களுடைய புத்தாண்டு அது. வெடிச் சத்தத்தைப் பட்டாசு என்றே முதலில் நினைத்தோம்.

சாலைகள் அடைபட்டன. தவிடு நின்றது, பிண்ணாக்கு நின்றது. செவலைகளுக்குப் பால் வற்றியது. இரண்டு பசுக்கள் படுத்தவை எழுந்திருக்கவில்லை. ராசா விலா எலும்பு தெரிய நின்றான். மஞ்சள் மாடுகளோ வாழைத்தண்டையும் ஆகாயத்தாமரையையும் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டு கிடந்தன. கொம்பு உடைந்த பசு அந்த வெடிச் சத்தத்துக்கு நடுவில்தான் கன்று போட்டது. கிடேரி. பிறந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று சாவ் அக்காவின் முழங்காலை முட்டியது.

சண்டை கொஞ்சம் ஓய்ந்ததும் என் வீட்டுக்காரர் வைக்கோல் தேடிப் போகவேண்டியிருந்தது. லாரிக்குப் பெட்ரோல் இல்லை. பழைய கட்டைவண்டி ஒன்று கொட்டிலின் பின்னால் கிடந்தது. ராசாவைப் பூட்டிப் பார்த்தார். அவன் வாழ்நாளில் வண்டி இழுத்ததில்லை. இரண்டடி நடந்து நின்றுவிட்டான்.

சாவ் அக்கா ஒன்றும் கேட்காமல் குட்டையனை அவிழ்த்துக்கொண்டு வந்தாள்.

பகல் முழுக்க நான் வாசலிலேயே நின்றேன். பொழுது சாய்கிற நேரம் வண்டி திரும்பியது. வைக்கோல் மலைமாதிரி. மேலே சாவ் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் குட்டையனின் பக்கத்தில் நடந்துவந்தார், கை அதன் கழுத்தின் மேல்.

"வழில ஒரு பாலம் ஒடைஞ்சு கெடக்கு. சேத்துல எறங்கித்தான் ஏறணும். நான் முடிஞ்சுதுன்னே நெனச்சேன், புள்ள," என்றார். "மண்டி போட்டு ஏறுனான்." செவலைகளுக்கு வைக்கோல் போடுவதற்கு முன் முதல் கட்டு பலாமரத்தடிக்குப் போனதை நான் பார்த்தேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு பிற்பகல் கொட்டிலுக்குள் போனால் ராசாவின் பக்கத்துக் கட்டுத்தறியில், நல்ல ஓட்டுக்கூரைக்குக் கீழே, குட்டையன் நிற்கிறது. வீட்டுக்காரர் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "மழைல நனையுதுல்ல," என்றார், கோபமாக.

அந்த வருஷங்கள் பயமான வருஷங்கள். ஆனாலும் இப்போது நினைத்தால் வருவது பயம் இல்லை. மாலையில் சாவ் அக்கா காலை ஓடைத் தண்ணீரில் தொங்கப்போட்டுக்கொண்டு கரும்பு கடிப்பதும், மஞ்சள் கன்றுகள் அவள் முதுகை முட்டுவதும், டாக்டரின் சைக்கிள் மணியும்தான் வருகின்றன.

கணக்கெடுக்க வந்தவர்

ஒருவழியாகப் போர் முடிந்தது. ஆட்சி மாறியது. எங்களிடம் இருந்தவை பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்கள். அந்நியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைகள் மூடின. அபிஷேகத்துக்குப் பால் கேட்கவும் ஆள் குறைந்தது.

கொட்டில் அரசாங்கத்துக்குப் போகும் என்று சொல்லிக் கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். இளைஞர், மரியாதையானவர். செவலைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். ராசாவைத் தட்டிக்கொடுத்தார். என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

மஞ்சள் மாடுகளிடம் வந்ததும் அதிகாரி பேனாவை மூடினார். "இதுங்க பால் மாடு இல்லையே. பொ தா. இதை என்னன்னு எழுதறது? யாருதோ அவங்க ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

எதற்கும் ஆகாது என்று அந்த மாட்டை அழிக்கப் பார்த்தார்கள். எதற்கும் ஆகாது என்பதுதான் கடைசியில் அதைக் காப்பாற்றியது. சாவ் அக்கா என் கையை நசுக்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பலாம் என்று அனுமதி கிடைத்ததும் அவள் கிளம்பினாள். முன்னால் குட்டையன், பின்னால் பசுக்கள், கிடேரிகள், துள்ளும் கன்றுகள். வழியனுப்ப ஓடைப் பாலம்வரை போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன என் வீட்டுக்காரர் மறுநாள்தான் வந்தார். குச்சிவரை நடந்துவிட்டார். வரும்போது கால் கொப்புளித்திருந்தது.

"கன்னுங்க சின்னது, அவ ஒருத்தியா எப்படி ஓட்டுவா?" என்றார்.

சில வருஷங்களுக்கு முன் நான் மறுபடி அங்கே போனேன். என் மகள் இப்போது சைகோனில் பூ மி ஹங் பக்கம் மாடி மாடியாக நிற்கும் கட்டடமொன்றில் குடியிருக்கிறாள். காரில் குச்சிக்கு அழைத்துப் போனாள். சாவ் அக்கா இல்லை. நல்ல வயதுவரை இருந்து போயிருக்கிறாள். சண்டைக்குப் போன மகன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துகொண்டு உயிரோடு திரும்பி வந்தவர், அவரும் இப்போது கிழவர். சாலையெங்கும் பெரிய கலப்பு மாடுகள்தான். ஆனால் அவர் கொட்டிலிலும் பக்கத்தில் இன்னும் சில வீடுகளிலும் மஞ்சள் மாடுகள் இருந்தன. டாக்டர் லாம் கடைசிக்காலம்வரை சைக்கிளில் வந்து அளந்துகொண்டிருந்தாராம். இப்போது அவருடைய மாணவர்கள் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

நான் ஒரு கிடேரியின் தாடையைச் சொறிந்துகொடுத்தேன். வெயில், மூங்கில் சலசலப்பு, சாணமும் வைக்கோலும் கலந்த அந்த வாசனை. என் மகள் பொறுமையாகக் காரில் காத்திருந்தாள்.

குச்சியில் எங்கள் கடைசி ஞாயிறு

நாங்கள் சைகோனை விட்டுப் புறப்பட்ட வாரத்துக்கு முந்தைய ஞாயிறு அது. சாவ் அக்காவிடம் சொல்லிக்கொள்ளக் குச்சிக்குப் போனோம். அதற்குள் அந்நியர்கள் நகரத்தைவிட்டு வெளியே போக அனுமதிச்சீட்டு வேண்டும் என்று வந்துவிட்டது. எங்களுக்குக் கொடுத்தது அன்று மாலைவரைக்கும்தான்.

போய்ப் பார்த்தால் அவள் வீட்டு முன்னால் கூட்டம். வீடு என்றால் நாலு கம்பமும் கீற்றும். சுற்றிலும் குண்டு விழுந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் தேங்கிப் பளபளத்தது. ஊர் திரும்பியவர்களுக்கு நிலம் இருந்தது, உழ மாடு இல்லை. எங்கெங்கோ தப்பிப் பிழைத்த ஓரிரண்டு பசுக்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்களிலிருந்து வந்து நின்றார்கள். சினைக்குச் சேர்க்கக் காளை வேறெங்கும் இல்லை. சாவ் அக்கா யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கன்று பிறந்தால் வந்து காட்டிவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

மகன் அப்போது இன்னும் வந்து சேரவில்லை. அவள் ஒண்டியாகத் திணறிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த நல்ல சட்டையைப் போட்டிருந்தார். அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். குட்டையனின் கயிற்றைப் பிடித்தார். பகல் முழுக்க வேலை நடந்தது. ஒரு பசுவுக்கும் அடுத்த பசுவுக்கும் நடுவில் குட்டையனை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டினார். ஒரு பசு இன்னும் பருவத்துக்கு வரவில்லை, சும்மா துன்பப்படுத்தாதே, கொஞ்ச நாள் கழித்து ஓட்டிவா என்று தன் சந்தை மொழியில் ஒருவரைத் திட்டினார். அவர்களுக்குப் புரிந்தது.

வெயில் இறங்கியது. கடைசி பஸ் வந்து சாலையில் நின்று ஹாரன் அடித்தது. சாவ் அக்காவைக் கட்டிக்கொண்டேன். சட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

தூரத்தில், வரப்பின் மேல், ஒரு அம்மாள் பசுவை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். தொப்பியைக் கழற்றி ஆட்டிக் கூப்பிட்டாள். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாளோ. பசுவும் அவளும் இடுப்புவரை சேறு. பசு விடாமல் கத்திக்கொண்டே வந்தது.

"என்னாங்க, பஸ் போயிடும். சீட்டு இன்னையோட முடியுது," என்றேன்.

"பசு நாளைக்கு நிக்குமா, புள்ள? இன்னைய விட்டா மறுபடி பருவத்துக்கு வர மூணு வாரம். அதுக்குள்ள யாரு கண்டா?"

நடத்துனர் பஸ்ஸிலிருந்து சத்தம் போட்டார்.

"போவட்டும்," என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் காவல் நிலையத்தில் எங்களை அரைநாள் உட்காரவைத்தார்கள். சீட்டை மீறி ஏன் தங்கினாய் என்று கேட்டதற்கு, மாட்டு வேலை என்று இவர் சொன்ன பதிலை அவர்கள் மூன்று பேர் மாறி மாறி எழுதிக்கொண்டார்கள். ஆனால் அதெல்லாம் மறுநாள். அந்த மாலையில் பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. சட்டையை மறுபடி கழற்றி என் தோளில் போட்டார். குட்டையனிடம் போய்க் கயிற்றை அவிழ்த்தார். களைத்துப்போயிருந்த அதன் கழுத்தை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வாடா ராசா," என்றார்.